செத்த பிறகும் காத்திருந்த ராஜாக்கள்

(ஸ்பெயின் நாட்டு அரச குடும்பத்தின் வாழ்வும் அடக்கமும்)

இந்தத் தாளில் நான் எழுத எடுத்துக்கொண்டது ஸ்பெயின் நாட்டு ராஜா ராணிகளின் கதை. "அது எங்கேயோ இருக்கு, நமக்கு எதுக்கு?" என்று நகர்ந்து போய்விடாதீர்கள். கடைசி வரை படித்தால் நம் வீட்டுக் கதை மாதிரியே இருக்கும்.

எல் எஸ்கோரியல்

ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட். அங்கிருந்து சுமார் 45 கி.மீ. தூரத்தில் மலை அடிவாரத்தில் 'எல் எஸ்கோரியல்' என்ற பெரிய கல் கட்டடம் இருக்கிறது. அரண்மனை, தேவாலயம், துறவிகள் மடம், நூலகம், கல்லறை எல்லாம் ஒரே கட்டடத்துக்குள். இதைக் கட்டியவர் இரண்டாம் பிலிப் ராஜா. 1563-இல் ஆரம்பித்து 1584-இல் முடித்தார்கள். அதாவது 21 வருஷம்!

ஏன் கட்டினார்? 1557 ஆகஸ்ட் 10, புனித லாரன்ஸ் திருநாள். அன்றைக்கு பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் ஸ்பெயின் படை ஜெயித்தது. அதற்கு நன்றியாக அந்தப் புனிதர் பெயரில் கட்டினார். இன்னொரு காரணம், தன் அப்பா ஐந்தாம் சார்லஸுக்கு நல்ல கல்லறை அமைக்க வேண்டும் என்பது. சார்லஸ் பாதி ஐரோப்பாவை ஆண்டவர். ஆனால் கடைசிக் காலத்தில் பதவியை விட்டுவிட்டு, மூட்டு வலியோடு யூஸ்தே என்ற மடத்தின் பக்கத்தில் போய் இருந்தார். அங்கேயே 1558-இல் இறந்தார். அவர் உடலை 1574-இல் எஸ்கோரியலுக்குக் கொண்டு வந்தார்கள்.

பிலிப் ராஜா படுத்த அறை சின்னது. கட்டிலில் படுத்தபடியே தேவாலயத்தின் பலிபீடம் தெரியும்படி அமைத்துக்கொண்டார். 1598-இல் அங்கேதான் உயிர் போனது.

அழுகும் அறை

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

ராஜா இறந்தவுடன் நேராகக் கல்லறையில் வைக்க மாட்டார்கள். முதலில் 'புத்ரிதேரோ' என்ற அறைக்குக் கொண்டு போவார்கள். அந்தச் சொல்லுக்கு 'அழுகும் இடம்' என்றே அர்த்தம். மடத்துத் துறவிகள் தவிர வேறு யாரும் உள்ளே போக முடியாது. அங்கே இருபது, முப்பது வருஷம் உடல் கிடக்கும். சதை எல்லாம் போய் எலும்பு மட்டும் ஆன பிறகு, அந்த எலும்பை ஒரு சின்ன ஈயப் பெட்டியில் வைப்பார்கள். பெட்டியின் நீளம் சுமார் 1 மீட்டர், அகலம் 40 செ.மீ. நம் வகுப்பு பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் இடத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பாதி உலகத்தை ஆண்டவருக்கும் அதே அளவுதான்.

அந்த ஈயப் பெட்டியை 'ராஜாக்கள் மண்டபம்' என்ற அறையில் சலவைக்கல் பேழைக்குள் வைப்பார்கள். இந்த மண்டபம் தேவாலயத்தின் பலிபீடத்துக்கு நேர் கீழே, பூமிக்கு அடியில் இருக்கிறது. எட்டுப் பக்கம் கொண்ட அறை. மூன்றாம் பிலிப் 1617-இல் வேலையை ஆரம்பித்தார். அவர் மகன் நான்காம் பிலிப் 1654-இல் முடித்தார். ஒன்றின் மேல் ஒன்றாக மொத்தம் 26 பேழைகள்.

யாருக்கு இடம் உண்டு?

ஒரு பக்கம் ஆண்ட ராஜாக்கள். எதிர்ப்பக்கம் ராணிகள். ஆனால் எல்லா ராணிக்கும் இடம் கிடைக்காது. ராஜாவாகப் போகிற பிள்ளையைப் பெற்றவர்களுக்குத்தான் பெரும்பாலும் இடம். இரண்டாம் பிலிப்புக்கு நான்கு மனைவிகள். அவர்களில் நாலாவது மனைவி அன்னா மட்டுமே அங்கே இருக்கிறார். ஏனென்றால் அவர் மகன்தான் மூன்றாம் பிலிப் ஆனான்.

இதில் ஒரு சுவாரஸ்யம். இரண்டாம் இசபெல்லா தானே நாட்டை ஆண்ட ராணி. அதனால் அவருடைய பேழை ராஜாக்கள் பக்கம் இருக்கிறது. அவர் கணவருடையது ராணிகள் பக்கம்!

பதின்மூன்றாம் அல்போன்சோ ராஜா நாட்டை விட்டுப் போய் 1941-இல் ரோம் நகரில் இறந்தார். 1980-இல்தான் அவர் உடல் ஸ்பெயின் வந்தது. அவர் மகன் டான் ஹுவான் ராஜாவாக முடிசூடவே இல்லை. ஆனாலும் ராஜாவின் மகன், ராஜாவின் அப்பா என்பதால் அவருக்கும் அவர் மனைவிக்கும் இடம் ஒதுக்கினார்கள். அதோடு 26 பேழைகளும் தீர்ந்துவிட்டன.

கேக் மாதிரி ஒரு கல்லறை

எஸ்கோரியலில் இளவரசர் இளவரசிகளுக்குத் தனிக் கல்லறை அறைகள் உண்டு. அதை 1888-இல் முடித்தார்கள். அங்கே வெள்ளைச் சலவைக்கல்லில் வட்டமாக, அடுக்கடுக்காக ஒன்று இருக்கிறது. பார்க்க கேக் மாதிரி இருப்பதால் மக்களும் அப்படியே அழைக்கிறார்கள். அது சின்ன வயசிலேயே இறந்துபோன பிள்ளைகளுக்கானது. மொத்தம் 60 அறைகள் உண்டு.

இவ்வளவு பணம், வைத்தியர்கள், வேலைக்காரர்கள் இருந்தும் ஏன் இத்தனை குழந்தைகள் இறந்தார்கள்? இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தக் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன்.

தாய்மாமன் கல்யாணம்

மேலே சொன்ன அன்னா யார் தெரியுமா? இரண்டாம் பிலிப்பின் கூடப்பிறந்த அக்காள் தங்கச்சிகளில் ஒருவருடைய மகள். அப்படின்னா பிலிப் அவருக்குத் தாய்மாமன். அன்னாவுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தன. பெரியவனாகி வாழ்ந்தது ஒரே ஒரு மகன்.

அடுத்து மரியானா. இவருக்கு மாமன் மகன் பால்தசார் கார்லோஸைத்தான் நிச்சயம் செய்திருந்தார்கள். அந்த இளவரசன் 1646-இல் 16 வயதில் இறந்துவிட்டான். உடனே பெரியவர்கள் என்ன செய்தார்கள்? மாப்பிள்ளையின் அப்பாவுக்கே, அதாவது சொந்தத் தாய்மாமனான நான்காம் பிலிப் ராஜாவுக்கே கட்டி வைத்தார்கள். 1649-இல் கல்யாணம். ராஜாவுக்கு 44 வயது. மரியானாவுக்கு 14 வயது. என் வயது. இதைப் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பலருடைய வயது. அவரிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா?

மரியானாவுக்கும் ஐந்து குழந்தைகள். இரண்டுதான் பிழைத்தன. மூத்தவள் மார்கரிட்டா. வெலாஸ்குவெஸ் என்ற ஓவியர் 1656-இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் நடுவில் வெள்ளைக் கவுன் போட்டு நிற்கும் சின்னப் பெண் இவள்தான். அந்த ஓவியம் மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மார்கரிட்டாவையும் 15 வயதில் அவளுடைய தாய்மாமன் லியோபோல்டுக்குக் கட்டி வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் கணவரை 'மாமா' என்றே கூப்பிட்டாளாம். நான்கு பிள்ளை பெற்று, ஒன்று மட்டும் தங்கி, 21 வயதில் செத்துப் போனாள்.

கடைசி ராஜா

மரியானாவின் கடைசி மகன் இரண்டாம் சார்லஸ், 1661-இல் பிறந்தவர். நான்கு வயது முடிவதற்குள் அப்பா இறந்ததால் ராஜா ஆனார். நான்கு வயது வரை பேச்சு வரவில்லை, எட்டு வயது வரை சரியாக நடக்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தாடை முன்னுக்கு நீண்டிருந்ததால் சாப்பாட்டை மெல்லவே கஷ்டம். இரண்டு தடவை கல்யாணம் நடந்தது. குழந்தை இல்லை. "ராஜாவுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று ஜனங்கள் நம்பினார்கள். பேய் ஓட்டக்கூடச் செய்தார்கள். 1700 நவம்பர் 1-ஆம் தேதி, 39 வயது நிறைய சில நாள் இருக்கும்போது இறந்தார். வாரிசு இல்லாததால் நாற்காலிக்குச் சண்டை வந்து, 1701 முதல் 1714 வரை ஐரோப்பாவில் பெரிய போர் நடந்தது.

கணக்கு சொல்வது என்ன?

2009-இல் ஸ்பெயின் விஞ்ஞானிகள் இந்தக் குடும்பத்தின் 16 தலைமுறைகளை, 3,000 பேருக்கு மேல், எடுத்துக் கணக்குப் போட்டார்கள். இருநூறு வருஷத்தில் நடந்த 11 கல்யாணங்களில் 9 நெருங்கிய சொந்தத்துக்குள் நடந்தவை. 1527 முதல் 1661 வரை பிறந்த 34 குழந்தைகளில் 10 பேர் ஒரு வயது ஆகும் முன்பே இறந்தார்கள். 17 பேர், அதாவது சரிபாதி, பத்து வயது ஆகும் முன்பே இறந்தார்கள். அதே காலத்தில் ஸ்பெயின் கிராமத்து ஏழைக் குழந்தைகள்கூட இவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள்.

காரணம் இதுதான். நம் உடம்பில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. ஒன்றில் பழுது இருந்தால் பல நேரம் மற்றது காப்பாற்றிவிடும். அம்மாவும் அப்பாவும் நெருங்கிய சொந்தம் என்றால், ஒரே தாத்தா பாட்டியிடம் இருந்து வந்த அதே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடும். இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடம் இருந்து வரும் பங்கு, தாய்மாமன் கல்யாணத்துப் பிள்ளைக்கு 8-இல் 1. இரண்டாம் சார்லஸுக்கோ தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து சேர்ந்து 4-இல் 1-ஐத் தாண்டிவிட்டது (0.254). செய்வினையும் இல்லை, மரியானாவின் குற்றமும் இல்லை.

நமக்கு என்ன?

ஸ்பெயின் ராஜாக்கள் ஏன் இப்படிச் செய்தார்கள்? நாடும் சொத்தும் வெளிக் குடும்பத்துக்குப் போகக் கூடாது என்று. நம் ஊரிலும் "சொத்து வெளியே போகக் கூடாது, முறை விட்டுப் போகக் கூடாது" என்று இதே வார்த்தையைத்தானே சொல்கிறார்கள்?

தாய்மாமன் என்றால் நமக்கு உசிரு. காதுகுத்துக்கு மடியில் உட்கார வைப்பவர், சீர் கொண்டு வருபவர். அந்தப் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. சொந்தத்தில் கட்டினால் எல்லாப் பிள்ளைக்கும் குறை வரும் என்றும் அர்த்தம் இல்லை. நிறையப் பேர் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் குறை வரும் வாய்ப்பு கூடும். தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தால் இன்னும் கூடும். குறையோடு ஒரு குழந்தை பிறந்தால் அம்மாவைத் திட்டுவதும், மந்திரிக்கக் கூட்டிப் போவதும் சரியில்லை. டாக்டரிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்று. நம் நாட்டில் பெண்ணுக்கு 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். மாமாவாக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி. வகுப்புத் தோழி திடீரென்று பள்ளிக்கு வராமல் நின்றால் "கல்யாணமாம்" என்று சிரித்துப் பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள். டீச்சரிடம் சொல்லுங்கள். 1098-க்கு போன் செய்யுங்கள்.

மரியானா 1696-இல் இறந்தார். ராஜாவைப் பெற்றவர் என்பதால் எஸ்கோரியல் மண்டபத்தில் அவருக்கு ஒரு சலவைக்கல் பேழை கிடைத்தது. 14 வயதில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது பள்ளிக்கூடம். அது நமக்குக் கிடைத்திருக்கிறது. விட்டுவிடக் கூடாது.

விடை சொல்லுங்கள் பார்ப்போம்!
1. எல் எஸ்கோரியலைக் கட்டி முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆயின?
2. 'புத்ரிதேரோ' என்றால் என்ன பொருள்?
3. ராஜாக்கள் பக்கம் இடம் பெற்ற ராணி யார்?
4. 34 குழந்தைகளில் 17 என்பது எத்தனை சதவீதம்?



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி
ஊராட்சி ஒன்றியப் பள்ளி