ஜீப்பின் டிரான்ஸ்பர் பெட்டி: பிரித்துப் பழுதுபார்க்கும் முறை

மலையடிவாரத்துச் சிற்றூர்களில் ஜீப் வண்டியை அறியாதார் இலர். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. 1958ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின் வழியே பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்தன. அந்நாட்களில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஊருக்குள் வருவதை முதலில் அறிவித்தது ஜீப்பின் ஒலியே. அமெரிக்க நாட்டு வில்லிஸ் நிறுவனத்தின் இவ்வண்டியை மகிந்திரா நிறுவனத்தார் 1949ஆம் ஆண்டு முதல் பம்பாயில் பூட்டி விற்கலாயினர். இன்று அலுவலகங்களுக்கு வேறு வண்டிகள் வந்துவிட்டன. ஆயினும், போடிநாயக்கனூர், குமுளிப் பக்கங்களில் ஏலத் தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்வதும், மலைச்சரிவில் விளைந்ததைச் சந்தைக்கு இறக்குவதும், தார்ச் சாலை எட்டாத ஊரின் நோயாளியை ஆஸ்பத்திரி சேர்ப்பதும் இன்னும் பழைய ஜீப்புகளின் பணியாகவே இருந்து வருகின்றன.

இத்தகைய ஊரில் வண்டி ஒரு வாரம் நின்றுவிட்டால் நேரும் நஷ்டம் சிறிதன்று. ஜீப்பின் பாகங்களுள் உரிமையாளர் பெரிதும் அறியாததும், பழுது என்றதும் அதிகப் பணம் கேட்பதும் டிரான்ஸ்பர் பெட்டியே. "பெட்டி முழுவதும் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் மறுத்துக் கேட்க வகையறியாது பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். உண்மையில், பெட்டி முழுவதும் கெடுவது அரிது. அதனுள் ஒரு தண்டும், சில உருளைகளும், இரண்டொரு வளையங்களும் தேய்ந்திருப்பதே பெரும்பான்மை. ஆகவே, அப்பெட்டியினுள் இருப்பவை யாவை, அவற்றைப் பிரிக்கும் ஒழுங்கு யாது என்பதை வண்டி உடையோரும் பஞ்சாயத்து அங்கத்தினரும் அறிந்திருத்தல் நலம். பழைய வில்லிஸ் ஜீப்பிலும், அவ்வழியில் வந்த இந்திய ஜீப்புகள் பலவற்றிலும் அமைந்த "ஸ்பைசர் 18" என்னும் பெட்டியைக் கொண்டே இங்கு விளக்குவோம்.

பெட்டியின் வேலை

கியர் பெட்டியின் பின்புறம் ஒட்டி நிற்பது இப்பெட்டி. இயந்திரத்தின் சக்தியைப் பின் அச்சுக்கு மட்டுமோ, முன் பின் இரண்டு அச்சுகளுக்குமோ பகிர்ந்து கொடுப்பது இதன் முதற் பணி. சேற்றிலும் ஏற்றத்திலும் வேகத்தைச் சுமார் இரண்டரை மடங்கு குறைத்து, இழுவிசையை அந்த அளவுக்குப் பெருக்கிக் கொடுப்பது இரண்டாம் பணி. முன் அச்சைச் சேர்த்த பின்னரே தாழ்ந்த கியர் விழும்படி ஒரு தடுப்பு உள்ளே அமைந்துள்ளது.

பெட்டியினுள் மூன்று நிலைகளில் பல்சக்கரங்கள் உள்ளன. கியர் பெட்டியின் தண்டு முனையில் உள்ளது தலைச்சக்கரம். அதனுடன் பல் கோத்துச் சுழல்வது இடைச்சக்கரம். இடைச்சக்கரத்திலிருந்து சக்தி, வலப்புறம் ஒதுங்கி நிற்கும் வெளித்தண்டின் சக்கரங்களுக்குச் செல்கிறது. இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். தார்ச் சாலையில் பின் சக்கரங்களால் மட்டும் ஓடும்போதும் சக்தி இடைச்சக்கரத்தின் வழியாகவே போயாக வேண்டும். நான்கு சக்கர இழுவையை ஆண்டு முழுதும் தொடாதவர் வண்டியிலும் இடைச்சக்கரத்துக்கு ஓய்வில்லை. ஆகையினால்தான் இடைத்தண்டும் அதன் உருளைகளும் பிற பாகங்களுக்கு முன்னரே தேய்கின்றன.

நோய் எங்கே?

பிரிப்பதற்கு முன் நோயின் இடத்தை அறிதல் வேண்டும். வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துக் கிளச்சை விட்டு, இயந்திரத்தை ஓடவிடுக. அப்போதே இரைச்சல் கேட்குமாயின் குற்றம் கியர் பெட்டியிலோ கிளச்சிலோ உள்ளது. டிரான்ஸ்பர் பெட்டி அந்நேரம் சுழல்வதே இல்லை. வண்டி ஓடும்போது மட்டும் கேட்டால், டிரான்ஸ்பர் பெட்டி, யூனிவர்சல் ஜாயின்ட், அச்சு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

நெம்புகோல் தானே நழுவி வெளியேறினால், அதைப் பிடித்து நிறுத்தும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கவட்டை தேய்ந்திருக்கலாம், வெளித்தண்டு முன்னும் பின்னும் அசையலாம். கைப்பிரேக் டிரம் எண்ணெயில் நனைந்திருந்தால் பின்புற ஆயில் சீல் போயிற்று என்பது பொருள். பெட்டியின் காற்றுத் துளை சேற்றால் அடைபட்டாலும் உள்ளழுத்தம் மிகுந்து எண்ணெய் கசியும். அதைச் சுத்தம் செய்யச் செலவொன்றும் இல்லை.

நான்கு சக்கர இழுவையில் தார்ச் சாலையில் ஓட்டிய பின் நெம்புகோல் விடுபடாமல் இறுகிக்கொள்வதைப் பெட்டி உடைந்துவிட்டதெனப் பலர் அஞ்சுவர். முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பூட்டப்பட்டிருக்க, வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால் தண்டுகள் முறுக்கேறிக்கொள்கின்றன, அவ்வளவே. வண்டியைச் சிறிது பின்னோக்கிச் செலுத்தினால் முறுக்கு அவிழும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் பூட்டியிருந்தாலும் இத்தொல்லை ஓயாது. நான்கு சக்கர இழுவை சேறு, மணல், சரளைக்கு உரியது. கெட்டிச் சாலைக்கு உரியதன்று.

இறக்குவதற்கு முன்

எல்லாவற்றிலும் முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. இந்த ஜீப்பின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில் உள்ளது. பின்பக்கப் புரொப்பெல்லர் தண்டைக் கழற்றிய கணமே கைப்பிரேக்கும், கியரின் பிடிப்பும் இரண்டும் போய்விடும். மேடு பள்ளத்தில் நிறுத்தி வேலை தொடங்கியவர் மீது வண்டி உருள்வதற்கு இதுவே காரணம். சமதரையில் நிறுத்தி நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். வண்டியைத் தூக்கினால் இரும்புத் தாங்கிகள் மீது நிறுத்த வேண்டும். செங்கல் அடுக்கின் மீது நிறுத்தலாகாது. மின்கலத்தின் இணைப்பையும் கழற்றிவிடுக.

பெட்டியின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெய் கொண்டு கழுவுக. சிறிது தூரம் ஓடிய சூட்டிலேயே எண்ணெயை வடித்துத் தட்டில் பிடிக்க வேண்டும். அந்த எண்ணெயே வைத்தியருக்கு நாடி. வெண்கல நிறப் பொடி மினுமினுத்தால் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்கின்றன. எஃகுச் செதில்கள் கிடைத்தால் பல்லோ உருளையோ உரிகிறது. பால் போல் வெளுத்திருந்தால் ஓடை கடக்கையில் நீர் புகுந்துள்ளது. வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டாமல், பழைய எண்ணெய் வாங்குவோரிடம் சேர்த்துவிட வேண்டும்.

வண்டியிலிருந்து இறக்குதல்

அடித்தகட்டை நீக்கி, இரண்டு புரொப்பெல்லர் தண்டுகளின் இணைப்பிலும் பொருந்து குறி இட்ட பின் கழற்றுக. அதே நிலையில் மீண்டும் பூட்டாவிடில் வண்டி அதிரும். கைப்பிரேக் கம்பி, வேகமானிக் கம்பி, நெம்புகோல்கள் ஆகியவற்றை விடுவிக்க வேண்டும். கியர் பெட்டிக்கு அடியில் ஜாக்கி கொண்டு முட்டுக் கொடுப்பது அவசியம்.

அடுத்துப் பெட்டியின் பின்புறம் உள்ள சிறு மூடியைத் திறந்தால் தலைச்சக்கரத்தின் நட்டு தெரியும். காட்டர் பின்னை நீக்கி நட்டைக் கழற்றி, புல்லர் கொண்டு தலைச்சக்கரத்தை இழுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தல் கூடாது. கியர் பெட்டியின் மேல் மூடியைத் திறந்து, அதன் தண்டை ஒரு கம்பியால் முன்னோக்கிக் கட்டிவைத்தல் இன்றியமையாதது. இதைச் செய்யாமல் டிரான்ஸ்பர் பெட்டியை இழுத்தால் தண்டும் உடன் வந்து, நன்றாயிருந்த கியர் பெட்டியின் உள்பாகங்கள் சிதறும். ஒரு வேலை இரண்டாகும். பின்னர் இணைப்பு போல்ட்டுகளைக் கழற்றிப் பெட்டியைப் பின்னோக்கி இழுத்து இறக்கலாம். இதற்கு இருவர் வேண்டும்.

மேசையின் மீது பிரித்தல்

சுத்தமான மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றும் வரிசையிலேயே பாகங்களை இடமிருந்து வலமாக வைத்து வருக. கைப்பேசியால் ஒவ்வொரு படியிலும் படம் எடுத்து வைத்தால் பூட்டும்போது ஐயம் எழாது.

முதலில் அடிமூடியைத் திறக்க வேண்டும். இடைத்தண்டைப் பின்புறம் பிடித்திருக்கும் பூட்டுத் தகட்டை நீக்கி, பித்தளைக் கோலால் தண்டைப் பின்னோக்கித் தட்டி எடுக்க வேண்டும். அப்போது இடைச்சக்கரமும், இருபுறத்து த்ரஸ்ட் வாஷர்களும், உருளைகளும் அடிவழியே வெளிவரும். உருளைகள் தனித்தனி ஊசிகளாயிருப்பின் எண்ணி வைத்துக்கொள்க. ஒன்று குறைந்தாலும் மற்றவை சாய்ந்து நொறுங்கும்.

பின்னர், நெம்புகோல் தண்டுகளைப் பிடித்திருக்கும் குண்டு, ஸ்பிரிங் ஆகியவற்றின் மூடித்திருகுகளைத் துணியால் மூடியபடி கழற்றுக. இல்லையேல் குண்டு தெறித்து ஓடி, அரைநாள் தேட வைக்கும். தண்டுகளுக்கு இடையில் உள்ள சிறு தடுப்புத் துண்டையும் மறவாமல் எடுத்து வைக்க வேண்டும். கவட்டைகளின் திருகுகளை நீக்கி, முன்மூடியை அதன் தண்டோடு சேர்த்து எடுக்கலாம்.

பின்மூடியைக் கழற்றுகையில் அதற்கும் பெட்டிக்கும் நடுவே மெல்லிய தகடுகள் சில இருக்கும். ஷிம் எனப்படும் இவை குப்பையல்ல. பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிப்பவை இவையே. ஒன்றும் விடாமல் கம்பியில் கோத்துக் கட்டிவைக்க வேண்டும். இறுதியாக வெளித்தண்டைத் தட்டி எடுத்து, சர்க்கிளிப்பை நீக்கிச் சக்கரங்களைப் பிரிக்கலாம்.

ஆராய்தலும் வாங்குதலும்

பாகங்களைக் கழுவித் துடைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இடைத்தண்டின் மீது நகத்தை ஓட்டுக. நகம் பள்ளத்தில் தட்டினால் தண்டும் உருளைகளும் சேர்த்தே மாற்றத்தக்கவை. பழைய தண்டில் புது உருளை நிலைக்காது. பற்களில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் இருந்தால் அச்சக்கரத்தை மாற்ற வேண்டும். பளபளப்பாகச் சீராகத் தேய்ந்த பல்லுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆயில் சீல்கள், கேஸ்கெட்டுகள், காட்டர் பின்கள் ஆகியவற்றைப் பழையதாய் மீண்டும் இடுதல் கூடாது.

பாகம் வாங்கச் சென்னைக்கு வருவோர்க்கு இரண்டு இடங்கள் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. அண்ணா சாலையை அடுத்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலை புதிய உதிரிபாகங்களுக்கு உரியது. கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டை, பழைய வண்டிகளைப் பிரித்தெடுத்த பாகங்களுக்கு உரியது. தெற்கே 1958ஆம் ஆண்டில் அமைந்த கிண்டி தொழிற்பேட்டையும், அதைச் சூழ்ந்து வளர்ந்த சிறு பட்டறைகளும் கடைசல் வேலைக்குப் பேர் போனவை.

"ஜீப்புக்கு இடைத்தண்டு" என்று மட்டும் கேட்டு வாங்கினால் ஏமாற நேரும். இப்பெட்டிக்கு வெவ்வேறு காலத்தில் முக்கால் அங்குலம், ஒன்றே அரைக்கால் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் என மூன்று விட்டங்களில் இடைத்தண்டு வந்துள்ளது. ஒன்றுக்கு உரிய உருளைகளும் சக்கரமும் மற்றொன்றுக்குப் பொருந்தா. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுவந்து, கடையில் வெர்னியர் அளவி கொண்டு ஒப்பிட்டே வாங்குக. பழைய சக்கரம் வாங்குவதாயின், ஒன்றோடொன்று ஓடிப் பழகிய ஜோடியாகக் கேட்டு வாங்குவது மேல்.

மீண்டும் பூட்டுதல்

பிரித்த வரிசையைத் தலைகீழாகக் கொண்டு பூட்ட வேண்டும். ஊசி உருளைகளைக் கிரீஸ் தடவி ஒட்டி நிறுத்தலாம். இடைத்தண்டின் விட்டமுள்ள மரக்குச்சியைச் சக்கரத்தின் நீளத்துக்கு வெட்டி உள்ளே வைத்தால் அவை சரியா. தண்டு ஏற ஏறக் குச்சி தானே வெளியேறும்.

வேலையின் வெற்றி தோல்வி ஷிம் தகடுகளில் உள்ளது. பின்மூடியை முடுக்கிய பின் வெளித்தண்டு முன்பின் அசையும் அளவு, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்கு வரை இருக்க வேண்டும். அதாவது, சுமார் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர். டயல் அளவி கொண்டு பார்க்க வேண்டியது இது, கைமதிப்பு போதாது. அசைவு மிகுந்தால் ஒரு தகட்டைக் குறைக்கவும். குறைந்தால் ஒன்றைச் சேர்க்கவும். இறுக்கம் அதிகமானால் பேரிங் சூடேறிக் கருகும். தளர்வு அதிகமானால் தண்டு ஆடி, புதுச் சீலையும் சில மாதத்தில் தின்றுவிடும். "சீல் மாற்றியும் கசிகிறது" என்போர் வண்டியில் இவ்வளவைப் பார்த்தல் வேண்டும்.

வண்டியில் ஏற்றிய பின் 90 எண் கியர் எண்ணெயை மட்டத்துளை வரை நிரப்புக. கியர் பெட்டியின் மட்டத்தையும் உடன் பார்க்க வேண்டும். மென்மையான தரையில் எல்லாக் கியர்களையும் இட்டுப் பார்த்து, 10 கிலோமீட்டர் ஓட்டிய பின் பெட்டியைத் தொட்டுப் பார்க்கவும். வெதுவெதுப்பு இயல்பு; கை வைக்க முடியாத சூடு ஷிம்மின் தவறு. மறுநாள் மட்டத்தையும் கசிவையும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

உரிமையாளர் செய்யத்தக்கன

பிரிக்கும் வேலை தேர்ந்த மெக்கானிக்குக்கு உரியது. ஆனால், அவரிடம் கேட்கத்தக்கவை நமக்கு உரியவை. பெட்டியைத் திறக்கும்போது உடன் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பப் பெற வேண்டும். இடைத்தண்டின் விட்டம், இட்ட ஷிம் தகடுகளின் எண்ணிக்கை, தண்டின் அசைவு, எண்ணெய் மாற்றிய நாள், கிலோமீட்டர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாங்க வேண்டும். பஞ்சாயத்து வண்டியாயின் இக்குறிப்பேடு அடுத்து வரும் அங்கத்தினர்க்கும் கணக்குத் தணிக்கைக்கும் ஒருங்கே பயன்படும்.

மாதம் ஒருமுறை மட்டத்துளையின் திருகைத் திறந்து விரலால் எண்ணெயைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஓடை கடந்து வந்த மறுநாள் அவசியம் பார்க்க வேண்டும். ஓய்வின்றி உழைக்கும் இடைச்சக்கரத்துக்கு எண்ணெய் ஒன்றே உணவு. அதைத் தவறாது ஊட்டி வருவோரின் பெட்டியைப் பிரிக்க வேண்டிய நாள் பல்லாண்டுகள் தள்ளிப்போகும்; பிரிக்கும் நாளிலும் செலவு ஒரு தண்டோடும் சில உருளைகளோடும் நின்றுவிடும்.