வீட்டை விற்கும் முன் சிகரெட் புகை நாற்றத்தை அகற்றுவது எப்படி?

பினாங்கு மாநிலத்தின் வட செபராங் பிறை மாவட்டத்தில் கெப்பாலா பத்தாஸ் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் நெல் வயல்களும் ரப்பர் தோட்டங்களும் சூழ்ந்திருந்த அவ்வட்டாரத்தில், பெர்த்தாம் போன்ற இடங்களில் பால்மரங்கள் நின்ற நிலங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. தோட்டத்தில் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டும், ஊழியர் சேமநிதியின் துணை கொண்டும் சொந்த வீடு வாங்கிய பாட்டாளிக் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. பிள்ளைகளின் வேலை, முதுமை, கடன் முதலிய காரணங்களால் அவ்வீட்டை விற்கும் நிலையும் சிலருக்கு ஏற்படுகின்றது.

அவ்வேளையில் நாம் எண்ணிப் பாராத ஒன்று குறுக்கே நிற்கக்கூடும். அதுதான் சிகரெட் புகை நாற்றம். வாங்க வருபவர் கதவைத் திறந்தவுடன் அதனை உணர்கின்றார். சிலர் திரும்பிச் சென்றுவிடுகின்றனர். சிலர் விலையைக் குறைத்துக் கேட்கின்றனர். வாழ்நாள் உழைப்பின் பலன் அந்த வீடு ஒன்றே என்னும் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பன்று. ஆகவே, இந்நாற்றம் எவ்வாறு வீட்டில் தங்குகின்றது, அதனை எவ்வாறு அகற்றலாம் என்பதை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

புகை எங்கே தங்குகின்றது?

இதனைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தோட்டத்துப் புகைக்கூடத்தை மூத்தோர் நன்கறிவர். அமிலமிட்டு உறையவைத்து, உருளையில் அழுத்திய ரப்பர்த் தகடுகளைப் புகைக்கூடத்தில் சில நாட்கள் தொங்கவிடுவது வழக்கம். விறகுப் புகையிலுள்ள பிசின் போன்ற பொருள்கள் தகட்டில் படிந்து, அதற்குப் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தந்து, பூஞ்சணம் பிடிக்காமல் காக்கின்றன. அத்தகட்டைப் பல நாட்கள் காற்றில் வைத்தாலும் புகை மணம் நீங்குவதில்லை.

அறைக்குள் ஒருவர் நாள்தோறும் சிகரெட் புகைத்தால், அவ்வறையும் ஒரு புகைக்கூடமே ஆகின்றது. சிகரெட் புகையிலுள்ள தாரும் நிகோட்டினும் சுவர், உட்கூரை, மின்விசிறி இறக்கை, திரைச்சீலை, மெத்தை, பலகை ஆகியவற்றில் மெல்லிய படலமாகப் படிகின்றன. ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த நம் நாட்டில், பூட்டிய வீட்டுக்குள் அப்படலத்திலிருந்து நாற்றம் மீண்டும் மீண்டும் வெளிப்படுகின்றது. காற்றில் இருப்பது நாற்றம். அதன் வேர் சுவரில் இருக்கின்றது. இந்த உண்மையை உணர்ந்தால் செய்ய வேண்டிய வேலை தானே விளங்கும்.

நாற்றம் மட்டுமா?

இப்படிவை அறிஞர்கள் ‘மூன்றாம் நிலைப் புகை’ என்று அழைக்கின்றனர். அமெரிக்காவின் சான் டியேகோ வட்டாரத்தில், புகைப்போர் வாழ்ந்து வெளியேறிய வீடுகளை ஆய்வாளர் குழு ஒன்று ஆராய்ந்து, 2011ஆம் ஆண்டில் தன் முடிவை வெளியிட்டது. அவ்வீடுகள் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் காலியாகக் கிடந்து, புதியவர்கள் குடிபுகத் தயார் செய்யப்பட்ட பின்னரும், தூசியிலும் சுவர்களிலும் நிகோட்டின் காணப்பட்டது. புகைக்காத புதிய குடித்தனக்காரர்களின் விரல்களிலும் அது ஒட்டியிருந்தது. சுவரில் படிந்த நிகோட்டின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்துடன் சேர்ந்து புற்றுநோயை உண்டாக்கவல்ல பொருள்களாக மாறக்கூடும் என்பதை 2010ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைக்கே இதனால் தீங்கு அதிகம்.

ஆகவே, நாற்றத்தை மறைத்து வீட்டை விற்பது நேர்மையன்று. சாம்பிராணி போடுவதும், ஊதுவத்தி ஏற்றுவதும், வாசனைத் திரவம் தெளிப்பதும் படிவை நீக்கமாட்டா. சாம்பிராணியும் புகையே, அது முன்னிருந்த படிவின்மேல் மற்றொரு படிவைச் சேர்க்கின்றது.

வேலையின் வரிசை

முதலாவதாக, அன்று முதல் வீட்டுக்குள் எவரும் புகைத்தல் கூடாது. முன்வாசலில் புகைத்தாலும் சன்னல் வழியே புகை உள்ளே வரும் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவதாக, துணிப் பொருள்களை வெளியேற்றுங்கள். திரைச்சீலை, மெத்தை உறை முதலியவற்றைத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். நெடுநாள் புகை ஏறிய பஞ்சு மெத்தையும் கம்பளமும் பெரும்பாலும் தேறா; அவற்றைக் கழித்துவிடுவதே நலம்.

மூன்றாவதாக, வெள்ளைத் துணியை நனைத்துச் சுவரில் ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள். துணி மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால், அங்குப் படிவு உண்டு. ஒவ்வோர் அறையிலும் இவ்வாறு சோதித்து, எந்த அறைக்கு அதிக உழைப்புத் தேவை என்று முடிவு செய்யலாம்.

நான்காவதாக, கழுவுதல். இதுவே தலையாய வேலை. மின்விசையை முதன்மைப் பொத்தானில் நிறுத்திய பின்னரே தொடங்க வேண்டும். ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் அரைக் கோப்பை சலவைச் சோடாவும் சிறிது பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கலந்து கொள்ளுங்கள். கையுறை அணிந்து, முதலில் உட்கூரையைத் துடையுங்கள். பின்னர்ச் சுவரைக் கீழிருந்து மேலாகத் துடையுங்கள்; மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் வழிந்து கோடு விழும். இறுதியில் நல்ல நீரால் மேலிருந்து கீழாகத் துடைத்தெடுங்கள். வாளி நீர் பழுப்பானவுடன் அதனைக் கொட்டிவிட்டுப் புதிது கலக்க வேண்டும். மின்விசிறி இறக்கை, சன்னல் கண்ணாடிச் சட்டங்கள், கதவின் மேல்விளிம்பு, குளிர்சாதனப் பெட்டியின் வடிதட்டு ஆகியவற்றை மறந்துவிடலாகாது. கண்ணாடிக்கும் ஓடுகளுக்கும் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்த நீர் ஏற்றது.

ஐந்தாவதாக, உலர்த்துதல். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைத்து, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி செய்யுங்கள். வட பகுதியில் ஆண்டின் தொடக்க மாதங்கள், பால்மரங்கள் இலையுதிர்க்கும் பருவம், பொதுவாக மழை குறைந்தவை. இவ்வேலைக்கு அதுவே உகந்த காலம்.

ஆறாவதாக, சாயம் பூசுதல். கழுவாத சுவரில் சாயம் பூசினால், சில வாரங்களில் மஞ்சள் கறை மேலெழுந்து வரும், நாற்றமும் திரும்பும். கழுவி நன்கு உலர்ந்த சுவரில், கறையை அடக்கும் அடிச்சாயத்தை முதலில் பூச வேண்டும். கறையை மறைப்பது என்று கேட்டால் சாயக் கடையில் தருவார்கள். அது உலர்ந்த பின்னரே மேற்சாயம். பலகைச் சுவராயின், கழுவி உலர்த்திய பின் வார்னிஷ் பூசலாம்.

இவ்வளவும் முடிந்த பின், கிண்ணங்களில் அடுப்புக் கரியையோ ஆப்பச்சோடாவையோ அறை மூலைகளில் வைத்தால், எஞ்சிய நாற்றம் ஓரளவு குறையும். இவை துணை மட்டுமே. கழுவுதலுக்கு மாற்று ஆகா.

எச்சரிக்கை

தோட்டப் பாட்டாளிகள் அமோனியாவையும் பார்மிக் அமிலத்தையும் கையாண்டு பழகியவர்கள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவப் பயன்படுத்துவது பேராபத்து. வெளுப்பு மருந்துடன் அமோனியா சேர்ந்தால் நச்சு வாயு எழும். வெளுப்பு மருந்துடன் அமிலமோ வினிகரோ சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிப்படும். ஆகவே, எந்த இரு மருந்துகளையும் கலவாதீர்கள்.

பழைய வீடுகளின் கூரையிலும் உட்கூரையிலும் அஸ்பெஸ்டாஸ் கலந்த தகடுகள் இருக்கலாம். அவற்றைச் சுரண்டுவதோ, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதோ, உடைப்பதோ கூடாது. அத்தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஓசோன் வாயுவைப் பரப்பி நாற்றம் போக்கும் கருவிகளும் விற்பனையில் உள்ளன. ஓசோனும் நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பதே. அது படிவுடன் சேர்ந்து வேறு தீய பொருள்களை உண்டாக்கவும் கூடும்.

இறுதிச் சோதனை

புகைப்பவரின் மூக்கு அந்நாற்றத்திற்குப் பழகிப்போயிருக்கும். எனவே அவரே சோதனை செய்தல் பொருந்தாது. ஒரு பகலும் ஓர் இரவும் வீட்டைப் பூட்டிவைத்து, மறுநாள் காலையில் புகைக்காத அண்டை வீட்டார் ஒருவரை அழைத்து, கதவைத் திறந்து கருத்துக் கேளுங்கள். நாற்றம் உண்டு என்று அவர் சொன்னால், வெள்ளைத் துணியைக் கொண்டு மீண்டும் தேடுங்கள். முழுவதும் நீங்காவிடில், வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லி விலை பேசுவதே முறை.

நினைவில் கொள்க

1. மறைப்பது வேறு, நீக்குவது வேறு.
2. முதலில் கழுவுதல், அடுத்து உலர்த்துதல், அதன்பின் அடிச்சாயம், இறுதியில் மேற்சாயம்.
3. மருந்துகளைக் கலவாதீர்.
4. புகைக்காதவரைக் கொண்டு சோதனை செய்க.

இத்தனை நாள் உழைப்பும் செலவும் ஒரு பழக்கத்தால் வந்தவை என்பதை எண்ணிப் பார்ப்போம். பொதுச் சுகாதாரத்திற்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. உணவகங்கள் முதலிய பல பொது இடங்களில் புகைப்பது தடை செய்யப்பட்டுள்ளது. நம் வீட்டின் உள்ளே அத்தகைய காவலைக் குடும்பத்தாரே ஏற்க வேண்டும். புகைப்பதைக் கைவிட விரும்புவோருக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் ஆலோசனையும் சிகிச்சையும் கிடைக்கின்றன. விற்கப்போகும் வீட்டைத் தூய்மை செய்யும் நாம், இனி குடிபுகப்போகும் வீட்டை முதல் நாள் தொட்டே புகையின்றிக் காப்போமாக.