அடிக்கட்டையிலிருந்து தொடங்குங்கள், தோழர்

கட்சி மாநாட்டின் கடைசி நாளில் தணிக்கைக் குழுவுக்கான பெயர்களை வாசிக்கும்போது பலரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாவட்டக் குழுவில் இடம் கிடைக்காதவருக்குத் தரும் ஆறுதல் என்றே நினைக்கிறார்கள். டெல்டாப் பகுதியில் ஒரு கம்யூனிஸ்ட் கட்சியின் மாவட்டத் தணிக்கைக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். கட்சியின் மானத்தைக் காக்கிற வேலை இது. புதிதாக வரும் தோழர்களுக்காகச் சிலவற்றை எழுதிவைக்கிறேன்.

முதலில் பேரேட்டைத் திறக்காதீர்கள். ரசீதுப் புத்தகங்களைக் கேளுங்கள். எத்தனை அச்சடித்தார்கள், எந்தக் கிளைக்கு எந்த எண் முதல் எந்த எண் வரை போனது, எவை திரும்பின என்று பாருங்கள். பயன்படுத்தாத ரசீதும் கைக்கு வந்தாக வேண்டும். பேரேட்டை ஒருவர் ஒரே இரவில் எழுதிவிட முடியும். ரசீதுப் புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டைகளோ பல ஊர்களில் பல கைகள் எழுதியவை. உண்டியல் வசூல் என்றால் அன்றைக்கே எண்ணி, உடனிருந்தவர்கள் கையெழுத்திட்ட தாள் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மிகுந்த கவனம் தேவைப்படுவது நெல் வசூல். அறுவடை முடிந்ததும் விவசாயத் தொழிலாளர்கள் தங்கள் கூலி நெல்லிலிருந்து கட்சிக்கு அளந்து போடுவார்கள். கணக்கிலோ ‘நெல் வசூல்’ என்று ஒரு தொகை மட்டும் இருக்கும். எத்தனை மரக்கால், ஈர நெல்லா காய்ந்ததா, கொள்முதல் நிலையத்தில் போட்டார்களா, வியாபாரியிடம் விற்றார்களா, மூட்டை என்ன விலை? இவ்வளவும் தெரியாமல் அந்தத் தொகையைச் சரிபார்க்க முடியாது. ஒரு கிளையில் தொகை குறைவாகத் தெரிந்தது. “இது எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க தோழர்” என்று கேட்டேன். வயதான கிளைச் செயலாளர் உள்ளே போய் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்தார். வீடு வீடாக அளவு எழுதியிருந்தார். மழைக்குப் பயந்து ஈரத்தோடு விற்றதும் அதில் இருந்தது. அந்த நோட்டையே கணக்கோடு இணைக்கச் சொன்னோம். சந்தேகிக்கிற குரலில் கேட்டிருந்தால் அவர் அதை எடுத்தே இருக்க மாட்டார்.

லெவி, அதாவது உறுப்பினர் தன் வருமானத்திலிருந்து கட்சிக்குக் கட்டும் பங்கு, அந்த விஷயத்தில் இரக்கமே கணக்கைக் கெடுக்கும். மார்க்சிஸ்ட் கட்சியின் அமைப்புச் சட்டப்படி லெவி நிலுவையை 3 மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் உறுப்பினர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அதற்குப் பயந்து, கஷ்டப்படும் தோழருக்காகச் செயலாளர் தன் பையிலிருந்து கட்டிவிடுவது உண்டு. நல்ல மனசுதான். ஆனால் அந்தத் தோழர் வேலையில்லாமல் தவிக்கும் செய்தி மேலே போகாமல் நின்றுவிடுகிறது. யார் கட்டினார்கள் என்று கேளுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசியல் கட்சி வருமான வரி விலக்குப் பெற வேண்டுமானால் கணக்குகளைப் பட்டயக் கணக்காளர் தணிக்கை செய்ய வேண்டும். 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவரின் பெயர், முகவரி இருக்க வேண்டும். 2017 நிதிச் சட்டத்துக்குப் பிறகு 2,000 ரூபாய்க்கு மேல் நன்கொடையை ரொக்கமாக வாங்கக் கூடாது. நன்கொடை தந்தவர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை எதிர்த்து மார்க்சிஸ்ட் கட்சி உச்ச நீதிமன்றம் போனது. 2024 பிப்ரவரி 15 அன்று அத்திட்டம் ரத்தானது. ஊரார் கணக்கைக் கேட்கிற கட்சியின் கணக்கு சுத்தமாக இருந்தாக வேண்டும்.

எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். கணக்கு வைத்திருக்கும் குழுவே தணிக்கையாளரை நியமிக்கக் கூடாது. சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியில் மத்தியத் தணிக்கை ஆணையத்தைக் கட்சிக் காங்கிரஸ் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது. நடைமுறையில் அது மேலிடப் பட்டியலுக்குக் கை தூக்குவதாகச் சுருங்கியது. 1990இல் அந்த ஆணையமே தனி அமைப்பாக இல்லாமல் போனது. ஆனாலும் அதன் விதியில் ஒரு நல்ல அம்சம் இருந்தது: கருவூலத்தோடு, மத்திய அமைப்புகளில் காரியங்கள் தாமதமின்றி நடக்கின்றனவா என்பதையும் அது பார்க்க வேண்டும். அதனால்தான் நாங்கள் தபால் பதிவேட்டையும் கேட்டோம். கிளையிலிருந்து வந்த புகாருக்கு எப்போது பதில் போனது என்பதும் தணிக்கைதான்.

தனியாகத் தணிக்கைக்குப் போகாதீர்கள். கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். கண்டதை டீக்கடையில் பேசாதீர்கள், அறிக்கையில் எழுதுங்கள்.

பிரதிநிதித் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணக்கறிக்கை வாசிக்கிற நேரத்தில் வெளியே போகாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள், புரியாததைக் கேள்வியாகக் கேளுங்கள்.