வடிவெள்ளமும் கொடுவா மீனும்

வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த பின்னும் தாமிரபரணியின் கடைமடைப் பகுதியில் நீர் உடனே வடிந்து விடுவதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால் நீர் கோரம்பள்ளம் குளத்தை நிரப்புகிறது. குளத்தின் உபரி நீர் உப்பாற்று ஓடை வழியே முத்தையாபுரம் பக்கமாகக் கடலைச் சேர்கிறது. ஆறோ புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. இவ்விடங்களில் நீர் வடியும் நாட்களே கொடுவா மீனைத் தூண்டிலில் பிடிக்க ஏற்ற காலம். போலி இரையிட்டுப் பிடிக்கும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம் என்று கருதுகிறோம். காரணம் மீன் மட்டுமன்று, வடிகாலும் ஆகும்.

வெள்ளம் வடிகையில் மதகடியிலும் பாலத்தடியிலும் கழி நட்டு வலை கட்டுவோர் உண்டு. அவ்வலையில் ஆகாயத்தாமரையும் வைக்கோலும் வாழைச் சருகும் வந்து அடைகின்றன. ஓட்டம் தடைபட்டு, நீர் மேலேயுள்ள வயல்களில் தேங்குகிறது. வேரடியில் நீர் நின்ற வாழை என்னவாகும் என்பதை அத்திமரப்பட்டி விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, கோரம்பள்ளம் குளக்கரை உடைந்தபோது வந்த வெள்ளத்திற்கு வலையைக் குற்றஞ்சொல்வது நியாயமாகாது. ஆனால் சாதாரண ஆண்டுகளில் இம்மறிப்பு பயிருக்குக் கேடுதான். தூண்டிலோ ஓட்டத்தை மறிப்பதில்லை.

வயலிலிருந்தும் குளத்திலிருந்தும் வடியும் நீர், இறாலையும் சிறு மீன்களையும் அடித்துக்கொண்டு வருகிறது. கொடுவா அந்த வேகத்தில் நின்று அலைவதில்லை. பாலத்தூண், கல், வாய்க்கால் முனை ஆகியவற்றின் மறைவில் ஒதுங்கி நின்று, கடந்து செல்லும் இரையை ஒரே உறிஞ்சாக உள்ளிழுக்கிறது. ஆகவே கலங்கல் நீரும் தெளிநீரும் சந்திக்கும் கோட்டையும், சிறு வாய்க்கால் பெரிய ஓடையில் விழும் முனையையும் முதலில் பார்க்க வேண்டும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும் நாளில் போவது வீண், ஆபத்தும் ஆகும்.

போலி இரை என்பது மடவைக் குஞ்சு போன்ற வடிவில் மரத்தாலோ ரப்பராலோ செய்யப்பட்டது. விரல் நீளம் போதும். கலங்கலில் மீன் கண்ணைக் காட்டிலும், உடலின் பக்கவாட்டிலுள்ள உணர்ச்சிக் கோட்டால் நீரின் அதிர்வையே மிகுதியும் அறிகிறது. எனவே இரையை ஓட்டத்திற்குக் குறுக்கே எறிந்து, மெதுவாக இழுத்து, சற்றே நிறுத்தி, மீண்டும் வெட்டி இழுக்க வேண்டும். பெரும்பாலும் நிறுத்தும் கணத்தில்தான் மீன் கவ்வும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போன்றது; மெல்லிய தங்கூசியை அறுத்துவிடும். ஆதலால் இரைக்கு மேல் ஒரு முழம் தடித்த நரம்பு சேர்ப்பது அவசியம்.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் இதே மீனை இதே வடிவெள்ளத்தில் பிடிப்பதற்குப் பெருங்கூட்டம் கூடுகிறது. ஆனால் அவர்களுடைய நேரக் கணக்கை நாம் அப்படியே கொள்ளலாகாது. டார்வின் துறைமுகத்தில் கடலின் ஏற்றவற்றம் 8 மீட்டர் வரை உண்டு. தூத்துக்குடியில் அது ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கே மதகு திறப்பும் மழையுமே நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

அவர்களிடம் கற்க வேண்டியது வேறு. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறும். பெரிய மீன்களெல்லாம் அநேகமாகத் தாய் மீன்களே. குயீன்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குச் சிறியதையும் 120 சென்டிமீட்டருக்குப் பெரியதையும் திரும்ப நீரில் விட வேண்டுமென்பது சட்டம். வலையில் சிக்கி நசுங்கிய குஞ்சை விடுவதில் பயனில்லை. தூண்டிலில் வந்ததை உயிரோடு விடலாம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997 முதல் கொடுவாவைப் பண்ணையில் குஞ்சு பொரிக்கச் செய்து வருவது உண்மையே. எனினும் ஓடையில் தானே பிறக்கும் குஞ்சுக்கு நாம் ஒரு காசும் செலவிடுவதில்லை.

காலில் புண் உள்ளவர்கள் வெள்ளநீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அவ்வழியே பரவும். ஊறிய குளக்கரையின் விளிம்பிலும், திறந்த மதகின் மேலும் நிற்கலாகாது. குளத்து மீன் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைதாரரின் சம்மதம் தேவை.

மதகடியில் வலை கட்டலாகாது என்பதைப் பஞ்சாயத்து, நீர்வளத் துறையினரோடு கலந்து ஐப்பசிக்கு முன்பே தீர்மானமாக்கி ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டால், கார்த்திகையில் இடுப்பளவு நீரில் நின்று வலைக்காரரோடு வாதாடும் வேலை மிச்சமாகும்.