1064 வந்தால் எங்கே பார்ப்பது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 'சின்டாக்ஸ் எரர்' என்ற பாதி வரிதான் இருந்தது. விஷயம் நீ வெட்டிவிட்ட மீதியில் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் 1064 எரர் கொடுக்கும்போது, 'நியர்' என்ற சொல்லுக்கு அடுத்து உன் ஸ்கிரிப்ட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்துக் காட்டும். தப்பு அங்கேதான் இருக்கிறது என்று நினைத்து அந்தத் துண்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்காதே. பார்சர் படித்துக்கொண்டே வந்து, இதற்கு மேல் ஓடவில்லை என்று நின்றுவிட்ட இடம் அது. தப்பு பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் இருக்கும். துண்டு 'ஃப்ரம்' என்று தொடங்கினால், ஃப்ரம்மில் ஒரு குறையும் இருக்காது. யாரோ கடைசி ஃபீல்டை அழித்துவிட்டு அதற்கு முந்தைய கமாவை அப்படியே விட்டிருப்பார்கள். துண்டே இல்லாமல் வெறும் கொட்டேஷன் மட்டும் வந்தால், பார்சர் கடைசிவரை போயும் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறது என்று அர்த்தம். மூடாத அடைப்புக்குறியைத் தேடு.

சில சமயம் நின்ற சொல்லேதான் வில்லன். 5.7 பதிப்பில் வருஷக்கணக்கில் ஓடிய மதிப்பெண் டேபிள் ஸ்கிரிப்ட் 8.0-க்கு மாறியதும் 'ரேங்க்' என்ற ஃபீல்டில் இடறும். விண்டோ ஃபங்ஷன்கள் 8.0-இல்தான் வந்தன, அவற்றோடு ரேங்க், குரூப்ஸ் போன்ற சொற்களை மைஎஸ்க்யூஎல் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது. (பள்ளி மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ரேங்க் என்ற பெயர்மேல் அப்படி என்ன பாசமோ!) இதில் குழப்புகிற விஷயம் ஒன்று உண்டு. இன்சர்ட்டில் ரேங்க் என்று மொட்டையாக எழுதினால் எரர். செலக்ட்டில் டேபிள் பெயர், புள்ளி, ரேங்க் என்று எழுதினால் ஓடிவிடும். புள்ளிக்குப் பின் வருவது பெயராகத்தான் இருக்க முடியும் என்று பார்சருக்குத் தெரியும். ஒன்று ஓடுகிறதே என்று நம்பி ஏமாறாதே. பேக்டிக் போட்டால் தீரும். பெயரையே மாற்றிவிட்டால் இன்னும் நிம்மதி.

அடுத்து, ஸ்கிரிப்ட்டை யார் படிக்கிறார்கள் என்று பார். 'டெலிமிட்டர்' என்பது மைஎஸ்க்யூஎல் கிளையண்ட்டுக்குச் சொல்லும் கட்டளை, சர்வருக்கு அது தெரியாது. அதே ஸ்டோர்டு புரொசீஜரை பிஎச்பி வழியாக அனுப்பினால் முதல் வரியிலேயே 1064 வரும். எஸ்க்யூஎல் சர்வரின் 'கோ'வும் எஸ்க்யூஎல் பிளஸ்ஸில் தனி வரியில் போடும் சாய்கோடும் இதே ஜாதிதான். எஸ்க்யூஎல்சிஎம்டி '3-ஆவது வரி' என்று சொன்னால் ஃபைலின் 3-ஆவது வரிக்கு ஓடாதே. கடைசி கோவுக்குப் பிறகு எண்ண வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்ஸின் பிஎஸ்க்யூஎல்லில் வேலை செய்தால் பிராம்ப்ட்டைக் கவனி. என்டர் தட்டியதும் சமக்குறி இருந்த இடத்தில் ஒற்றைக் கொட்டேஷன் தெரிந்தால், எங்கோ ஒரு கொட்டேஷன் திறந்தே கிடக்கிறது. டிசூசா போன்ற பெயரை இடையில் கொட்டேஷனோடு எழுதும் வாடிக்கையாளர் ஒருவர் போதும். வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த கொட்டேஷனும் தொல்லைதான். அதை அழித்துவிட்டுக் கையால் அடி.

இதையெல்லாம்விட எனக்குப் பயம், திருத்தியதும் ஸ்கிரிப்ட்டை மேலிருந்து மறுபடி ஓட்டும் உன் பழக்கம். 40-ஆவது வரியில் எரர் என்றால் அதற்கு முந்தைய இன்சர்ட்டுகள் ஏற்கெனவே உள்ளே போயிருக்கலாம். மைஎஸ்க்யூஎல் கிளையண்ட் முதல் எரரில் நின்றுவிடும். பிஎஸ்க்யூஎல்லும் எஸ்க்யூஎல் பிளஸ்ஸும் நீ தடுக்காவிட்டால் அடுத்த கட்டளைக்குப் போய்க்கொண்டே இருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஆன்-எரர்-ஸ்டாப்பை வைத்து, முழு ஸ்கிரிப்ட்டையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் ஓட்டு. டேபிள் உருவாக்கியதுகூடத் திரும்பிவிடும். மைஎஸ்க்யூஎல்லில் ஆல்டர் டேபிள் ஓடிய கையோடு கமிட் ஆகிவிடும், ரோல்பேக் கேட்காது. ஆகவே அங்கே திருத்தியதும் ரன் பட்டனைத் தொடாதே. எந்த டேபிளில் எத்தனை வரி ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஓட்டு.

அன்புடன்,
அண்ணன்