குப்பையில் மறையும் செல்வம்

'குப்பையிற் கிடந்தாலும் குன்றிமணியின் நிறம் மாறாது' என்பது பழமொழி. குன்றிமணிக்கு அது பொருந்தும், காகிதத்துக்குப் பொருந்தாது. குழம்பும் சோறும் படிந்த காகிதம் ஒரே நாளில் தன் பயனை இழந்துவிடும்.

நம் இல்லங்களிலிருந்து தூய்மைப் பணியாளர் கொண்டு செல்லும் உலர்ந்த கழிவுப் பொருள்கள் பின்னர் யாதாகின்றன என்பதைக் காண்போம். அவை முதற்கண் தரம் பிரிக்கும் கூடத்தை அடைகின்றன. அங்கே காகிதம், கண்ணாடி, இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் ஆகியவை இனம் இனமாகப் பிரிக்கப்படுகின்றன. நம் நாட்டில் இப்பணியைப் பெரும்பாலும் மனிதர் கைகளே செய்கின்றன. பெரிய ஆலைகளில் பொறிகளும் துணைபுரிகின்றன. காந்தம் இரும்பைக் கவர்ந்துகொள்ளும். அலுமினியம் அதற்கு வயப்படாமல் எஞ்சி நிற்கும்.

பிளாஸ்டிக்கிலும் இனங்கள் பல உண்டு. குடிநீர்ப் புட்டியையும் அதன் மூடியையும் நோக்குக. இரண்டும் ஒரே பொருளாலானவை போலத் தோன்றும். அவற்றை நறுக்கி நீரிலிட்டாலோ, புட்டியின் துண்டுகள் அமிழும். மூடியின் துண்டுகள் மிதக்கும். இவ்வாறு ஒரு நீர்த்தொட்டியே இரண்டையும் வேறு பிரித்துவிடுகிறது. புட்டித் துண்டுகளைக் கழுவி உருக்கி இழையாக்கி, ஆடையும் நெய்கின்றனர்.

காகிதம் நீரில் ஊறிக் கூழாகி, மை நீக்கப்பெற்று, மீண்டும் தாளாகிறது. ஒவ்வொரு முறையும் அதன் நார்கள் குறுகுவதால், இங்ஙனம் பன்முறை செய்தல் இயலாது. கண்ணாடிக்கோ அக்குறை இல்லை. எத்தனை முறை உருக்கினும் அதன் தன்மை குன்றாது. கனிமத்திலிருந்து அலுமினியத்தைப் புதிதாக எடுப்பதற்கு வேண்டிய ஆற்றலில், 100-க்கு ஏறத்தாழ 5 பங்கே பழைய அலுமினியத்தை உருக்கப் போதுமானது.

இத்துணைப் பயனும் நம் அடுக்களையிலேயே தொடங்குகிறது. வீட்டுக் கழிவை ஈரக்கழிவு, உலர்கழிவு, தீங்கு பயக்கும் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தருதல் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பணித்தன. கலந்து எறியப்பட்டவை மீளுதல் அரிது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல்லாண்டுகளாகக் குவிந்த குப்பை மேடுகள் இதற்குச் சான்றாகும்.

மாணவர்களே! இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கழிவைக் கிளறுவது ஒரு மனிதரின் கை. நாம் கருதாது எறிந்த பிளேடும் உடைந்த கண்ணாடியும் அக்கையைக் கிழிக்கும். அவருடைய அன்றைய கூலியையும் பறிக்கும். ஆதலின், காகிதத்தை நனையாமற் காப்போம். புட்டிகளைக் கழுவி உலர்த்தித் தருவோம். கூரிய பொருள்களைத் தடித்த தாளிற் பொதிந்து, அடையாளமிட்டுத் தனியே கொடுப்போமாக!