அசெம்பிளா, பிராண்டா? கள்ளக்குறிச்சிக் கடைகளில் உலவும் கதைகள்

கள்ளக்குறிச்சியில் டெஸ்க்டாப் இன்னும் செத்த சரக்கு ஆகிவிடவில்லை. மனு டைப் அடிக்கும் ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், கல்யாணப் பத்திரிகை போடும் டி.டி.பி. கடை, ரைஸ் மில்லிலும் சேகோ ஆலையிலும் டேலியில் கணக்கு எழுதுகிறவர் என எல்லோருக்கும் காலை முதல் இரவு வரை உழைக்கிற சிஸ்டம் வேண்டும். 2019 நவம்பரில் தனி மாவட்டமான பிறகு கலெக்டர் அலுவலக வேலைக்கு விழுப்புரம் ஓட வேண்டியதில்லை. மனு, சான்றிதழ் வேலையெல்லாம் உள்ளூர் மேசைகளுக்கே வந்துவிட்டது. இதோடு கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு இருபத்தைந்து, முப்பதாயிரத்துக்குள் ஏதாவது பார்க்கும் பெற்றோரும் உண்டு.

கவுன்ட்டரில் இவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அசெம்பிள் பண்ணலாமா, பிராண்டட் எடுக்கலாமா?" பதில் சொல்ல ஆளுக்கொரு நண்பர், நண்பருக்கொரு கதை. அந்தக் கதைகளில் சில பத்து வருடத்துக்கு முன் சரியாக இருந்தவை.

"அசெம்பிள் பண்ணினால் பாதி விலையில் முடிந்துவிடும்"

முடியாது. அதுவும் பட்ஜெட் சிஸ்டத்தில் முடியவே முடியாது.

கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷனைப் பாருங்கள். பிராசஸர், போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., கேபினட், எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை), கீபோர்டு-மவுஸ், மானிட்டர் என்று எட்டு வரி இருக்கும். ஒன்பதாவது வரியாக விண்டோஸ் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. "அதை நாங்களே போட்டுத் தந்திடுறோம் சார்" என்றால், காசு கொடுக்காத விண்டோஸ் என்று அர்த்தம். லைசென்ஸோடு கேட்டால் கொட்டேஷனில் பல ஆயிரம் ஏறும். விண்டோஸோடு வரும் பிராண்டட் பெட்டியில் அது விலைக்குள்ளேயே இருக்கிறது, ஏனென்றால் லட்சக்கணக்கில் பெட்டி விற்கும் கம்பெனிக்கு மைக்ரோசாஃப்டும் இன்டெலும் தரும் விலை, துருகம் ரோட்டுக் கடைக்கோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மொத்த வியாபாரிக்கோ கிடைக்காது. வாங்கும்போது இரண்டையும் விண்டோஸோடு, மானிட்டரோடு, ஜி.எஸ்.டி.யோடு ஒப்பிட வேண்டும். ஒன்றை மொட்டையாகவும் மற்றதை முழுசாகவும் வைத்துப் பார்த்தால் அசெம்பிள்டுதான் எப்போதும் ஜெயிக்கும்.

லினக்ஸ் போதும் என்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உட்பட நல்ல இலவசத் தொகுப்புகள் இருக்கின்றன. பிரவுசரில் நடக்கும் இ-சேவை வேலைக்கும் கல்லூரி புரோகிராமிங்குக்கும் தாராளமாகப் போதும். டேலியும், பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களும், அவற்றுக்கென்று இருக்கும் பழைய தமிழ் ஃபாண்டுகளும் வைத்திருப்பவர் விண்டோஸை விட்டு வர முடியாது.

இதோடு ரேம் விலை வேறு. 2025-ன் பின்பாதியிலிருந்து ஏ.ஐ. சர்வர்களுக்கான மெமரிக்குத் தயாரிப்பாளர்கள் முன்னுரிமை கொடுக்க, சில்லறைச் சந்தையில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் 'குருஷியல்' சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இப்படி விலை ஏறும்போது முதல் அடி வாங்குபவர் உதிரியாக வாங்குகிறவர்தான். ஒப்பந்தத்தில் வாங்கி இருப்பு வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்குச் சூடு சற்று தாமதமாகத்தான் உறைக்கும். ஆறு மாதத்துக்கு முன் நண்பர் போட்ட பில்லைக் காட்டிக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை.

அசெம்பிள் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. கல்யாண வீடியோ எடிட்டிங், கேம், த்ரீ-டி என்று தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படும் வேலைக்கு, நீங்களே பொறுக்கிப் போடுவதுதான் லாபம். ஐந்து வருடம் கழித்து போர்டையும் பிராசஸரையும் மட்டும் மாற்றி, கேபினட், எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். முதல் தடவையைவிட இரண்டாம் தடவைதான் அசெம்பிள் காசை மிச்சம் பிடித்துத் தரும்.

"ஐ7 போட்டிருக்கு, பதினாறு ஜி.பி. ரேம், வெறும் பதினைந்தாயிரம்!"

இந்த விளம்பரத்தில் பொய் ஒரு வார்த்தைகூட இருக்காது. சொல்லாமல் விட்டது ஒரு நம்பர்.

2013-ல் வந்த ஐ7-4770-ம், 2022-ல் வந்த ஐ3-12100-ம் நான்கு கோர் கொண்டவைதான். ஆனால் பின்னது தெளிவாக வேகம் கூடியது, கரண்டும் குறைவாக இழுப்பது. ஐ7, ஐ5, ஐ3 என்பது அந்தந்த வருடத்து வகுப்பில் வாங்கிய ரேங்க், அவ்வளவுதான். எந்த வருடம் என்பதை அடுத்து வரும் எண் சொல்லும்: 4770 என்றால் நான்காம் தலைமுறை, 8500 என்றால் எட்டு, 12100 என்றால் பன்னிரண்டு.

புதுப் பெட்டியில் வருவதெல்லாம் புதிதும் இல்லை. எச்61 என்ற போர்டு வகை 2011-ஐச் சேர்ந்தது; இன்றும் புத்தம்புது அட்டைப்பெட்டியில் கிடைக்கிறது. அதன்மேல் எங்கோ கழற்றிய மூன்றாம் தலைமுறை பிராசஸரைப் பூட்டி, பளபளக்கும் கண்ணாடிக் கேபினட்டில் வண்ண விளக்கோடு வைத்தால், பிள்ளைக்கும் பிடித்துவிடும், அப்பாவுக்கும் விலை பிடித்துவிடும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையும், ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையும் குறைந்தபட்சம் வேண்டும். குறுக்குவழியில் பழைய மெஷினிலும் ஏற்றித் தருகிறார்கள். அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. ஆதார், பேங்க் விவரம் எல்லாம் ஓடும் இ-சேவை மேசைக்கு இது விளையாட்டு இல்லை.

பட்ஜெட் மிகவும் சுருங்கியவருக்கு என் யோசனை, கேட்ட இரண்டிலும் சேராத மூன்றாவது. ஐ.டி. கம்பெனிகளும் பேங்குகளும் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகளில் எட்டாம் தலைமுறைக்கு மேல் பார்த்து எடுப்பது. ரேம் உள்ளேயே இருக்கும். விண்டோஸ் லைசென்ஸும் போர்டிலேயே பதிந்திருக்கும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியைத் திறந்து அங்கேயே உறுதிசெய்துகொள்ளலாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஓட்டினால், டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். முப்பதாயிரம் மணி நேரம் என்று வந்தால் டிஸ்க்கை மாற்றித் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் மட்டம் என்பவர்கள், கூசாமல் எச்61 வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

"பிராண்டட் என்றால் உள்ளே எல்லாம் அந்தக் கம்பெனி சரக்கு"

பிராசஸர் இன்டெலோ ஏ.எம்.டி.யோதான். ரேம் சிப்பைப் பெரும்பாலும் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூவரில் ஒருவர்தான் செய்திருப்பார். பிராண்டட் பெட்டிக்கே உரியவை போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும், வம்பு இருப்பதும் அங்கேதான். பல மாடல்களில் எஸ்.எம்.பி.எஸ். அளவும் பின்னும் பொதுவான ஏ.டி.எக்ஸ். வகையில் சேராதவை. வாரண்டி முடிந்த பிறகு அது போனால், கள்ளக்குறிச்சிக் கடை அலமாரியில் இருப்பது எதுவும் பொருந்தாது. அதே மாடலைத் தேடி சேலமோ சென்னையோ சொல்லிவிட வேண்டும். ஜெராக்ஸ் கடைக்கு அத்தனை நாளும் வருமானம் போச்சு. அசெம்பிள்டில் அரை மணி நேர வேலை.

"500 வாட் எஸ்.எம்.பி.எஸ். போட்டால் கரண்ட் பில் எகிறும்"

எழுதியிருக்கும் வாட், அது தரக்கூடிய உச்சம். எடுப்பது, உள்ளே இருக்கும் சரக்கு கேட்கும் அளவுதான். டைப் அடிக்கும் சாதாரண சிஸ்டம் மானிட்டரோடு சேர்த்து அறுபது வாட்டைச் சுற்றி இழுக்கும் என்று வையுங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் அரை யூனிட், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் முப்பது யூனிட்டுக்குள்.

கவலைப்பட வேண்டியது வேறு: கேபினட்டோடு இலவசமாக வரும் '500 வாட்' உண்மையில் 500 தானா என்பது. கையில் எடுத்தால் காலி டப்பா கனம்தான் இருக்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 என்று இருந்தால், பன்னிரண்டால் பெருக்க 168 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் நம்பியிருப்பது அந்த 168-ஐத்தான். மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் 500-ஐ அல்ல. எட்டு வரிக் கொட்டேஷனில் காசைக் கூட்டிப் போட வேண்டிய வரி இது. கண்ணுக்குத் தெரியாத சாமான் என்பதால் எல்லோரும் கைவைப்பதும் இதில்தான்.

"தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்குது, அசெம்பிள்டுன்னாலே இப்படித்தான்"

குற்றவாளி சுவரில் இருக்கிறது. மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இரண்டு சின்னக் கப்பாசிட்டர்கள் கேபினட் உடம்போடு சேர்ந்திருக்கும். அவை கசியவிடும் சொற்ப மின்சாரம் மூன்றாவது பின் வழியாக எர்த்துக்குப் போய்விட வேண்டும். பழைய வீட்டு பிளக் பாயின்ட்டில் எர்த் ஓட்டை இருக்கும், ஒயர் இருக்காது. அப்போது கேபினட்டே சப்ளையில் பாதி வோல்டேஜில் நிற்கும்; டெஸ்டர் வைத்தால் லேசாக மின்னும். இரும்பு உடம்புள்ள பிராண்டட் சிஸ்டத்தை அதே பாயின்ட்டில் மாட்டினாலும் இதேதான். அசெம்பிள்டை விற்றுவிட்டு பிராண்டட் வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் அடிக்கச் சொல்லுங்கள்.

"மூன்று வருட வாரண்டி இருக்கு, என்ன ஆனாலும் பார்த்துப்பாங்க"

எரிந்த போர்டு, இடி, வோல்டேஜ் ஏறியது, பின் வளைந்தது இவற்றையெல்லாம் வாரண்டியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அசெம்பிள்டில் வாரண்டி ஒன்றல்ல, சாமானுக்கு ஒன்று. காலமும் வேறு வேறு. அத்தனையையும் சேர்த்துப் பிடித்திருப்பது கடைக்காரர் தரும் பில். அதில் ஒவ்வொரு சாமானுக்கும் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். 'அசெம்பிள்டு கம்ப்யூட்டர் – 1' என்று ஒரே வரியில் போட்ட பில், மூன்றாம் வருடம் ரேம் போகும்போது ஒன்றுக்கும் உதவாது.

"பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் குறைச்சிக்கலாம்ணே" என்பது பழைய வலை. முப்பதாயிரம் ரூபாய்ச் சரக்கில் வரி 5,400. வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு செய்த மில்லோ கடையோ பில்லில் தன் எண்ணைப் போட்டு வாங்கினால், அந்த 5,400 உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பிவிடும். பில் இல்லாமல் வாங்குவதில் அவருக்கு வாரண்டி போனதுதான் மிச்சம். மாணவருக்கு வரி திரும்பாது என்பது உண்மைதான். ஆனால் தகராறு வந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டால், அங்கேயும் முதலில் கேட்பது பில்.

"நாமே பூட்டினால் எரிந்துவிடும்"

அவ்வளவு பயம் தேவையில்லை. பெரும்பாலான ஒயர்கள் ஒரே பக்கமாகத்தான் நுழையும், பிராசஸர் மூலையிலும் சாக்கெட்டிலும் முக்கோண அடையாளம் இருக்கும். நிஜமான ஆபத்து போர்டு சாக்கெட்டில் மயிரிழை போல நிற்கும் பின்கள். காசு கொடுப்பதற்கு முன் கவுன்ட்டரிலேயே மூடியைத் திறந்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்; வளைந்தது ஒன்று இருந்தாலும் ஒளி அங்கே முறியும்.

இன்னொரு கண்ணி: ஆன்லைனில் மலிவாகத் தெரியும் ஐ3-12100எஃப். அந்தக் கடைசி 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு போடாவிட்டால் மானிட்டர் கருப்பாகவே இருக்கும். "நீங்க இரண்டாயிரம் கூடச் சொல்றீங்க" என்று உள்ளூர்க் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் அந்த எழுத்தைப் பாருங்கள்.

"ஆன்சைட் வாரண்டின்னா வீட்டுக்கே வந்திடுவாங்க"

கள்ளக்குறிச்சி டவுனுக்கு வருவார்கள் என்றே வைப்போம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கோ கரியாலூருக்கோ வருவார்களா என்பதை, கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டு பின்கோடு சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் காசைக் கட்ட வேண்டும். வரமாட்டார்கள் என்றால், பிராண்டட்டின் பெரிய சாதகமே மலையேறும் முன் கழன்றுவிடுகிறது. அப்போது கச்சிராயபாளையத்திலோ கள்ளக்குறிச்சியிலோ முகம் தெரிந்த கடைக்காரர் பூட்டித் தந்து, ஒரு சாமான் போனால் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார் என்ற ஏற்பாடே மேல்.

மலைக்குக் கொண்டுபோகிறவர் எதை வாங்கினாலும் முதல் செட்டப்பைக் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 ஹோம், முதல் தடவை ஆன் செய்யும்போதே இன்டர்நெட் கேட்கும். சிக்னல் வராத ஊரில் அந்தத் திரையிலேயே நின்றுவிடும். மலைப்பாதையில் கேபினட்டை நிற்க வைத்துக் கொண்டுபோகாமல் போர்டு கீழே இருக்கும்படி படுக்க வைத்தால், வளைவுகளில் கூலரும் கார்டும் தொங்கி ஆடாது. போய்ச் சேர்ந்து ஸ்கிரீன் வரவில்லை என்றால் ரேமைக் கழற்றி மறுபடி அழுத்திப் பூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள். மழைக்காலத்தில் இடி இடிக்கும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள். கீழே அனுப்ப வேண்டி வந்தால் அதில் வைத்தால்தான் உடையாமல் போய்ச் சேரும்.